சரி, வரலாம்

டுலூத்தில் டிசம்பர்.
ஏரி இன்னும் உறைய மனமில்லாமல் கிடக்கிறது.
பாலத்தை ஏற்றி இறக்கும் இந்தக் கண்ணாடிக் கூண்டில்
ராத்திரி ஷிஃப்ட் எனக்கு.
கப்பல் கூப்பிட்டால் தூக்க வேண்டும்,
கூப்பிடாத நேரம் என்னுடையது.

சனிக்கிழமை ஆட்டம் தொடங்குகிறது.
நான்தான் நடத்துபவன்:
மலை, மழை, அரக்கன், சுங்கச்சாவடிக்காரன்,
ஆட்டக்காரர் நால்வரைத் தவிர
உலகத்தில் மிச்சமுள்ள எல்லாரும் நான்.
அந்த நால்வரின் முன்கதைகள்
தெர்மாஸுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கின்றன.
நான் 'சரி' என்று எழுதும்வரை
அவர்களில் ஒருவரும் பிறக்கவில்லை.

வெண்டல் பத்தொன்பது பக்கம் தந்திருக்கிறான்.
பின்னிணைப்பில் வம்சாவளி.
ஏழாம் பக்கத்தில் ஒரு கடவுளைக் கொன்றுவிடுகிறான்.
தம்பி,
நீ இன்னும் முதல் நிலை.
சனிக்கிழமை ஒரு நிலவறை எலி உன்னைக் கடித்தால்
பாதி உயிர் போகும்.
கடவுளைக் கொன்றேன் பேர்வழி என்று
எலியிடம் போய்ச் சொல்வாயா?
பென்சிலால் எழுதுகிறேன்:
'கொன்றதாக ஊரில் பேச்சு' என்று மாற்று.
வம்சாவளி இருக்கட்டும். உழைத்திருக்கிறாய்.

கோரின், பெட்ரோல் பங்க் ரசீதின் முதுகில்:
'குள்ளச்சி. திருடி. பாலாடைக்கட்டி பிடிக்கும்.
மற்றதைப் போகப் போகப் பார்க்கலாம்.'
யாரிடம் கடன் வாங்கினாள் என்று மட்டும் கேட்கிறேன்.
கடன் இல்லாத திருடியை
எந்த ஊருக்குள் நான் இழுப்பேன்?

எல்லிஸுக்கு யாருமே இல்லை.
அப்பா தீயில், அம்மா காய்ச்சலில்,
அக்கா ஆற்றில், நாய்கூட ஒரு தனிப் பத்தியில்.
காரணம் எனக்குத் தெரியும்.
போன ஆட்டத்தில் அவனுடைய மாமாவைக் கடத்தி
மூன்று மாதம் அலையவிட்டேன்.
உறவென்று எழுதினால் நடத்துபவன் கை வைப்பான்;
அதனால் எல்லாரும்
தங்கள் வீட்டைத் தாங்களே கொளுத்திவிட்டு வருகிறார்கள்.
நாயை மட்டும் பிழைக்க வை, எல்லிஸ்.
தொடமாட்டேன். சத்தியம்.

நான்காவது, மாரிட்.
ஒன்றரைப் பக்கம், கோடு போட்ட தாள்.
வில்லாளி. வடக்கே ஒரு துறைமுகம்.

அப்பா உயிரோடிருக்கிறார்.

அந்த வரியைத் தனியாக விட்டிருந்தாள்.
பிறகு:
படகுத்துறையில் கயிறு கட்டுகிறார்,
யாரைப் பார்த்தாலும் 'கேப்டன்' என்பார்,
குழந்தையை, பூனையை, வரி வசூலிக்க வந்தவனை.
வழியில் எங்காவது அவரைப் பார்க்க நேர்ந்தால்
நல்லது.

ஓர்வில்லை ஏப்ரலில் அடக்கம் செய்தோம்.
தாதுத் துறையில் முப்பத்தோரு வருஷம்.
சர்ச்சின் கீழ்த்தளத்தில்
காகிதத் தட்டில் உருளைக்கிழங்கைக் கிளறியபடி
மாரிட்டிடம் நான் வானிலை பேசினேன்.

விதிப்புத்தகத்தில் இதற்கு விதியில்லை.
தேடிப் பார்த்தேன்.
ஆயுதம் கூடுதலாகக் கேட்கவில்லை,
பிரபு வம்சம் இல்லை, சாபம் இல்லை,
என் வரைபடத்தில் அந்தத் துறைமுகம்கூட இருக்கிறது.
மறுக்க ஒரு முகாந்திரமும் இல்லை.
ஆனால் மிச்சமுள்ள எல்லாரும் நான்தானே.
'சரி' என்று எழுதினால்
ஏதோ ஒரு சனிக்கிழமை
சிப்ஸ் கிண்ணத்துக்கும் பகடைக்கும் நடுவே
அவள் என்னைப் பார்த்து 'அப்பா' என்பாள்.
நான் பதில் சொல்ல வேண்டும்.

மூன்று மணிக்கு, யாருமில்லாத கூண்டில்
பேசிப் பார்த்தேன்.
முதல் தடவை சினிமாக் கிழவன்.
இரண்டாவது என் சொந்த அப்பா, எரிச்சலோடு.
ஓர்வில் பேசுமுன் மூக்கால் ஒரு மூச்சு விடுவார்,
அது ஞாபகம் வந்தது.
விட்டேன்.

ரேடியோ கரகரத்தது.
தாது ஏற்ற ஒரு கப்பல், இரண்டு மைல் தொலைவில்,
பாலம் கேட்கிறது.
பொத்தானை அழுத்தினேன், மூக்கால் மூச்சு,
'சரி, வரலாம் கேப்டன்.'

எதிர்முனையில் கொஞ்சம் மௌனம்.
'யார் அது, புது ஆளா?'

மணி அடித்தது. பாலம் ஏறத் தொடங்கியது.
ஒன்றரைப் பக்கம் மடியில் இருந்தது.
ஓரத்தில் எழுதினேன்:
என்ன தொப்பி போடுவார்?